மேன்டில் கல் பெட்டி: கல்லுக்கு மதிப்பெண் உண்டு, கையேட்டுக்கு இல்லை

நிலவியல் ஆய்வகங்களுக்கென்று விற்கப்படும் இந்தப் பெட்டியில் பத்துக் கைக்கற்கள், மைக்ராஸ்கோப்பில் பார்க்கக் கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய கல் சீவல்களாகப் பதினொரு ஸ்லைடுகள், இரு பக்கமும் பாலிஷ் போட்ட தடித்த சீவல் ஒன்று, நான்கு பக்க எண் அட்டவணை, 36 பக்கக் கையேடு இருக்கின்றன. புவியின் மேல் கவசம் காலப்போக்கில் வேதியியல் ரீதியாக எப்படி மாறியது, அந்த மாற்றத்தை எரிமலைக் குழம்பு தூக்கிவந்த அயற்கற்களில், அதாவது ஜெனோலித்களில், எப்படிப் படிப்பது என்பதுதான் பாடம். (பாடநூல் கவசம் என்கிறது. ஆய்வகத்தில் எல்லோர் வாயிலும் மேன்டில்தான். இங்கும் அப்படியே.) விலை 24,500 ரூபாய். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏற்றிவரும் செலவு தனி. கற்களும் ஸ்லைடுகளும் அந்த விலைக்குத் தகும். கையேட்டை மட்டும் நம்பி வகுப்பெடுத்தால் மாணவர்கள் மூன்று விஷயங்களைத் தப்பாகவே கற்றுக்கொள்வார்கள். அந்த மூன்றும் ஒரே கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வந்தவை: இந்த மாற்றம் எப்போது நடந்தது?

மேன்டில் கல்லில் மூன்று காலத்துக் கைரேகைகள் இருக்கும். கீழே இருந்தபோது நடந்தது ஒன்று, குழம்போடு மேலேறிய வழியில் நடந்தது ஒன்று, தரைக்கு வந்து மழையிலும் காற்றிலும் கிடந்தபோது நடந்தது ஒன்று. முதலாவதுதான் மெட்டாசொமாடிசம், அதாவது வெளியிலிருந்து வந்த உருகலோ திரவமோ ஊறிக் கல்லின் வேதியியலை மாற்றுவது. மற்ற இரண்டையும் கழித்த பிறகே அது தெரியும். பெட்டியில் மூன்றுக்கும் மாதிரிகள் இருக்கின்றன, ஆனால் கையேடு மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டது.

நீலகிரிக்காரர்களுக்கு இப்படியொரு பெட்டி வாங்காமல் தீராது. தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். ஆனால் அதைக் கட்டியிருக்கும் கருங்கல், அதாவது சார்னோகைட், ஒருகாலத்தில் ஏறக்குறைய முப்பது கி.மீ. ஆழத்தில் வெந்த பாறை. அது மேலோட்டின் அடித்தளம். அதற்கும் கீழே உள்ளதைக் காட்ட இந்த மலையில் கல் கிடையாது. மேன்டிலைத் துண்டு துண்டாகச் சுமந்துவரும் அல்கலி பசால்ட்டோ கிம்பர்லைட்டோ இங்கே துளைத்து வரவில்லை. பசால்ட் சுமந்த கல்லுக்கு கட்ச் வரை போக வேண்டும், கிம்பர்லைட் சுமந்த கல்லுக்கு அனந்தப்பூர் மாவட்டத்து வஜ்ரகரூர் வரை.

கைக்கற்களில் தொடங்கலாம். எண் 1, அரிசோனாவின் சான் கார்லோஸ் லெர்சோலைட் (ஒலிவின் மிகுந்த மேன்டில் பாறையான பெரிடோடைட்டில் ஒரு வகை), 7 செ.மீ. துண்டு, ஒரு பக்கம் கறுப்புப் பசால்ட் ஓடு ஒட்டியபடி. இதைவிட நல்ல அறிமுகக் கல் கிடைக்காது. மங்கிய பச்சையில் ஒலிவின், மரகதப் பச்சையில் குரோம் டையாப்சைட் (இது கிளைனோபைராக்சீன் வகை), வெண்கல நிறத்தில் ஆர்த்தோபைராக்சீன், மிளகுபோலக் கறுப்பாக ஸ்பைனல், நான்கும் பத்து மடங்கு கை லென்ஸில் தெளிவாகப் பிரிகின்றன. பழைய மஞ்சள் பல்பின் கீழ் மட்டும் பார்க்காதீர்கள். இரண்டு பச்சையும் ஒன்றாகிவிடும். ஜூலையில் மூடுபனி ஜன்னலை அடைத்திருக்கும்போது 5,000 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. விளக்கு ஒன்று போதும்.

இந்தக் கல்லோடு முதலில் செய்ய வேண்டியது அடர்த்திச் சோதனை. கையேடு இதைச் சொல்லவே இல்லை. மின் தராசில் பாதி நீர் உள்ள பீக்கரை வைத்து பூஜ்யமாக்கவும். கல்லை நூலில் கட்டி, பீக்கரின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க நீரில் தொங்கவிடவும். தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன செ.மீ. கொள்ளளவு. காற்றில் 165 கிராம், நீரில் தொங்கும்போது தராசில் 50 என்றால் அடர்த்தி 3.3. கெடாத மேன்டில் பெரிடோடைட் அந்த அளவில்தான் நிற்கும். நம் கருங்கல் பெரும்பாலும் 2.7-க்கும் 2.9-க்கும் இடையில். எண் 1-ல் உள்ள பசால்ட் ஓட்டில் காற்றுக்குமிழ்ப் பொந்துகள் இருப்பதால், கல்லைப் பத்து நிமிடம் வெந்நீரில் ஊறவிட்டு ஆறிய பிறகு எடை போடுங்கள். இல்லாவிட்டால் 3.1 என்று வந்து, கல்லே போலி என்ற சந்தேகம் கிளம்பும்.

இந்த எடைச் சோதனைக்கு வேறொரு பயனும் உண்டு. உருகிய குழம்பின் அடர்த்தி 2.7 போல. அதற்குள் 3.3 கல் மூழ்கத்தான் செய்யும். மூழ்குவதற்கு முன் தரைக்கு வந்துசேர வேண்டுமானால் குழம்பு அதைவிட வேகமாக ஏறியிருக்க வேண்டும். அதனால்தான் பயணம் சில மணிகளிலிருந்து சில நாட்கள் வரை என்று கணக்கிடுகிறார்கள். வழியில் நடந்த மாற்றம் கல்லின் ஓரத்தில் சில மில்லிமீட்டருக்குள் அடங்கி, உட்புறம் கெடாமல் தப்புவதும் அந்த வேகத்தால்தான். எண் 1-ன் பசால்ட் ஓட்டுக்கு அருகே ஒலிவினில் இரும்பு கூடியிருக்கும். அந்தச் சரிவு எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று அளந்துதான் பயண நேரத்தையும் கணக்கிடுகிறார்கள்.

எண் 2, அதே இடத்துக் கல்லில் கறுப்புப் பைராக்சினைட் நரம்பு ஓடும் கூட்டுத் துண்டு. இருப்பதிலேயே விலைமதிப்பானது இதுதான் என்பது எங்கள் கணிப்பு. பச்சைக் கல்லை உருகல் பிளந்துபோன தடம் கண்ணுக்குத் தெரிகிறது. நரம்பை ஒட்டிய ஒலிவின் சற்றுப் பழுப்பேறியிருப்பதைக் கவனிக்கவும். உருகலிலிருந்து இரும்பும் டைட்டானியமும் பக்கத்துப் பாறைக்குள் ஊறியதன் அடையாளம் அது. நரம்பிலிருந்து தள்ளிப்போகப் போக ஒலிவினின் எம்ஜி எண் (மக்னீசியத்தை, மக்னீசியமும் இரும்பும் சேர்ந்த கூட்டால் மோல் கணக்கில் வகுத்து நூறால் பெருக்குவது) சாதாரண மேன்டிலின் 89–92-க்கு ஏறும். விற்பவர் இதை ‘எரிமலை அசுத்தம்’ என்று சீட்டில் எழுதியிருக்கிறார். சீட்டைக் கிழித்துவிடலாம். நரம்பும் மேன்டிலுக்குள் இருந்தபோதே வந்ததுதான். மேலே சுமந்துவந்த பசால்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஜெர்மனியின் ஐஃபல் பகுதித் துண்டும், கனரித் தீவான லான்சரோட்டேயின் ஹார்ஸ்பர்கைட்டும் (கிளைனோபைராக்சீன் குறைந்த பெரிடோடைட்) பரவாயில்லை, ஆனால் சிறியவை. கிம்பர்லியிலிருந்து வந்த எண் 5, ஃப்ளோகோபைட் பெரிடோடைட், அருமை. செப்புநிற மைக்கா தகடுகள் 3–5 மி.மீ. அளவில் கண்ணில் படும். பொட்டாசியமும் நீரும் பேரியமும் இல்லாத பாறையில் அவற்றை யாரோ கொண்டுவந்து கொட்டாமல் இந்த மைக்கா வளராது. ஆனால் கிம்பர்லைட்டிலும் ஃப்ளோகோபைட் உண்டே? தகடு ஒலிவின் மணிகளுக்கு இடையே 120 பாகைச் சந்திப்போடு சமாதானமாக உட்கார்ந்திருந்தால் அது கீழேயே நெடுங்காலம் இருந்தது. விரிசல் வழியாக ஓடியோ ஓரத்தில் மட்டும் குவிந்தோ இருந்தால் சந்தேகப்படுங்கள். இந்தத் துண்டில் இரண்டு வகையும் இருக்கின்றன, அதனாலேயே இது பாடத்துக்கு உகந்தது.

கட்ச் கல் எண் 6. இந்தியக் கல் ஒன்றைச் சேர்த்ததற்குப் பாராட்டு. ஆனால் கையேட்டின் முதல் தவறு இங்கேதான். கல்லில் வெள்ளை நரம்புகள் ஓடுகின்றன. பத்து சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் பொங்குகின்றன. ‘கார்பனடைட் உருகல் (கார்பனேட் மிகுந்த குழம்பு) ஊடுருவியதன் சான்று’ என்று கையேடு கொண்டாடுகிறது. கட்ச் கற்களில் கார்பனடைட் பாதிப்பு பற்றி ஆய்வுகள் உண்டு என்பது உண்மை. இந்தத் துண்டில் பொங்குவது அது அல்ல. நரம்பு ஒலிவின் மணியையும் வெட்டி, ஓரத்துப் பசால்ட்டையும் வெட்டிக்கொண்டு போகிறது. பசால்ட் உறைந்த பிறகு வந்த நரம்பு எப்படி மேன்டிலில் நடந்ததைச் சொல்லும்? அது நிலத்தடி நீர் விட்டுப்போன கால்சைட். எது எதை வெட்டுகிறது என்று பார்த்தாலே முடிவு தெரியும்.

இரண்டாவது தவறு எண் 8. சேலம் சுண்ணாம்புக் குன்றுகளின் டூனைட் (ஏறக்குறைய முழுக்க ஒலிவினான பெரிடோடைட்), செர்பன்டைனும் வெள்ளை மேக்னசைட்டும் படர்ந்தது. இது ஜெனோலித்தே இல்லை. ஒப்பீட்டுக்காக வைத்திருந்தால் மிக நல்லது. ஆனால் சீட்டில் ‘மெட்டாசொமாடிசத்துக்கு உள்ளான மேன்டில்’ என்றிருக்கிறது. செர்பன்டைன் ஏறக்குறைய 600 டிகிரி செல்சியசுக்கு மேல் நிலைக்காது. பசால்ட் தூக்கிவரும் ஸ்பைனல் பெரிடோடைட்டுகள் பொதுவாக 900–1,200 டிகிரியில் இருந்தவை. அப்படியானால் இந்தப் பச்சை மாவுத்தன்மையும் வெள்ளை நரம்பும் பாறை குளிர்ந்து மேலே வந்த பிறகு, கரியமில வாயு கலந்த நீர் விரிசல்களில் புகுந்து செய்த வேலை. தராசும் இதையே சொல்லும்: செர்பன்டைன் மிகுந்த பகுதியில் அடர்த்தி 2.6 பக்கம் இறங்கிவிடும். எண் 1-ஐயும் எண் 8-ஐயும் அடுத்தடுத்து எடை போட்டுவிட்டு, இரண்டும் ‘மாறிய பெரிடோடைட்’ என்ற ஒரே பெயரில் ஏன் வரக் கூடாது என்று மாணவர்களிடம் கேட்கலாம்.

எண் 9, சேவத்தூர் கார்பனடைட். திருப்பத்தூர் பக்கத்துக் கல், நம் மாநிலத்துக்குள்ளேயே கிடைப்பது. இதைச் சேர்த்தவர் யாராயிருந்தாலும் விஷயம் தெரிந்தவர். மேன்டிலை மாற்றும் கார்பனேட் உருகல் எப்படிப்பட்ட சரக்கு என்பதைக் கையில் கொடுத்துக் காட்டலாம். கார்பனேட்டோடு அபடைட்டும் மேக்னடைட்டும் இருப்பதால் காந்தம் ஒட்டும், அமிலம் பொங்கும். எண் 10 நீலகிரிச் சார்னோகைட். உதகையில் வேலியோரம் கிடப்பதைப் பெட்டியில் போட்டு நம்மிடமே விற்றிருக்கிறார்கள், போகட்டும்.

ஸ்லைடுகள். கல்லின் தடிமன் 30 மைக்ரான் இருக்க வேண்டும். சாதாரணமாக இதைக் குவார்ட்சின் சாம்பல் நிறத்தை வைத்துச் சரிபார்ப்போம். பெரிடோடைட்டில் குவார்ட்ஸ் கிடையாது என்பதால் ஆர்த்தோபைராக்சீனைத்தான் நம்ப வேண்டும். போலராய்டுகளைக் குறுக்காக வைத்தால் அது முதல் வரிசைச் சாம்பல்-வெள்ளையிலிருந்து வெளிர் மஞ்சள் வரை நிற்க வேண்டும். ஸ்லைடு 7-ல் அது ஆரஞ்சுக்குப் போகிறது. அப்படியானால் தடிமன் 40 மைக்ரான் வரும். இது சின்னக் குறை இல்லை. 40 மைக்ரானில் கிளைனோபைராக்சீன் காட்டும் நிறம், 30 மைக்ரானில் ஒலிவின் காட்டும் நிறத்துக்குச் சமமாகிவிடும். நிறத்தை வைத்துக் கனிமத்தை எண்ணும் மாணவர் ஹார்ஸ்பர்கைட்டை டூனைட்டாகவும் லெர்சோலைட்டை ஹார்ஸ்பர்கைட்டாகவும் எழுதிவிடுவார். பெயரே மாறிவிடும்: கிளைனோபைராக்சீன் 5 சதவீதத்துக்குக் கீழே போனால் ஹார்ஸ்பர்கைட், ஒலிவின் 90-ஐத் தாண்டினால் டூனைட்.

சரிசெய்யலாமா? மேல்கண்ணாடி ஒட்டாத ஸ்லைடாக இருந்தால் செய்யலாம். தட்டைக் கண்ணாடிப் பலகையில் 1,000 எண் சிலிக்கன் கார்பைடு தூளை நீரில் குழைத்து, எட்டு போட்டபடி பத்து விநாடி தேய்த்து, கழுவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, மறுபடி பத்து விநாடி. பொறுமை இழந்து ஒரு நிமிடம் தேய்த்தால் ஓரத்து மணிகள் பறந்துவிடும். ஸ்லைடு 7-ல் மேல்கண்ணாடி ஒட்டியிருக்கிறது. எனவே திருப்பி அனுப்ப வேண்டியதுதான். நிறம் ஏமாற்றினாலும் இருள்நிலைக் கோணம் ஏமாற்றாது: பிளவுக்கோட்டுக்கு இணையாக இருண்டால் ஆர்த்தோ, நாற்பது பாகை போலச் சாய்ந்து இருண்டால் கிளைனோ.

மற்ற ஸ்லைடுகள் சுத்தம். ஆஸ்திரேலியாவின் புல்லன்மெரி ஏரிப் பக்கத்துக் கல்லிலிருந்து வெட்டிய ஸ்லைடு 4-ல் பழுப்புநிற பார்கசைட் (ஆம்ஃபிபோல் வகைக் கனிமம்), ஸ்பைனலைச் சுற்றி வேலி கட்டினாற்போல வளர்ந்திருக்கிறது. 56, 124 பாகையில் வெட்டும் பிளவுகளை இவ்வளவு தெளிவாகக் காட்டும் மணி அபூர்வம். மேடையைச் சுழற்றும்போது வெளிர் மஞ்சளிலிருந்து பழுப்புக்கு மாறும். பக்கத்திலேயே நிறமில்லாத, மேடிட்ட, குறுக்கு ஒளியில் கருஞ்சாம்பல் காட்டும் சிறு மணிகள் அபடைட். மாணவர்கள் இதை ஆர்த்தோபைராக்சீன் என்று கடந்துவிடுவார்கள். பாஸ்பரஸும், லாந்தனம் போன்ற இலேசான அருமண் தனிமங்களும் இந்தச் சிறு மணிக்குள்தான் பதுங்கியிருக்கின்றன.

ஸ்லைடு 9 வேர்லைட், அதாவது ஒலிவினும் கிளைனோபைராக்சீனும் மிகுந்த பெரிடோடைட். இங்கே வேதிவினையையே பார்க்கலாம். நான்கு பங்கு என்ஸ்டடைட்டும் (ஆர்த்தோபைராக்சீன்) ஒரு பங்கு டோலமைட்டும் (கார்பனேட்) சேர்ந்து இரண்டு பங்கு ஃபார்ஸ்டரைட் (ஒலிவின்), ஒரு பங்கு டையாப்சைட், இரண்டு பங்கு கரியமில வாயு ஆகும். கார்பனேட் உருகல் ஏறக்குறைய 60–70 கி.மீ. ஆழத்துக்கு மேலே வரும்போது இந்த வினையில் சிக்கித் தன்னையே தின்றுகொள்கிறது. உருகல் காணாமல் போய்விடும். விட்டுச்சென்ற தடமாக ஆர்த்தோபைராக்சீன் குறைந்து, கிளைனோபைராக்சீனும் ஒலிவினும் கூடியிருக்கும். ஸ்லைடின் வலது மூலையில் அரிக்கப்பட்ட ஆர்த்தோபைராக்சீன் மிச்சம் ஒன்று டையாப்சைட்டுக்குள் தீவாக நிற்கிறது. அதைத் தேடிப் பிடித்து, கண்ணாடியின் பின்பக்கம் மார்க்கரால் வட்டமிட்டு வையுங்கள்.

அதே ஸ்லைடில் சில கிளைனோபைராக்சீன் மணிகளின் ஓரம் பஞ்சுபோலப் பொத்தலாக, இடையே பழுப்புக் கண்ணாடியோடு இருக்கிறது. இதையும் மெட்டாசொமாடிசக் கணக்கில் சேர்ப்பது கையேட்டின் மூன்றாவது தவறு. இந்தப் பஞ்சு ஓரம் அழுத்தம் சட்டென்று குறைந்தபோது மணியின் விளிம்பு லேசாக உருகியதாலோ, சுமந்துவந்த குழம்பு கசிந்ததாலோ வருவதுதான் பெரும்பாலும். வழிப்பயணத்தின் காயம். மணியின் நடுப்பகுதி மட்டுமே பழைய கதையைச் சொல்லும்.

அந்த வினையில் பிறந்த கரியமில வாயு எங்கே போனது? பெட்டியின் ரத்தினமான தடித்த சீவல் இதற்குத்தான். தடிமன் 100 மைக்ரான், இரு பக்கமும் பாலிஷ். ஒலிவினுக்குள் 5–20 மைக்ரான் அளவில் குமிழ்கள் அடைந்திருக்கின்றன. இவற்றில் இருப்பது திரவக் கரியமில வாயு என்று நிலவியலாளர் ரோடர் 1965-ல் காட்டினார். இதைப் பார்க்க உதகையைப் போன்ற ஊர் அமையாது. கரியமில வாயுவின் மாறுநிலை வெப்பம் 31 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் திரவம், வாயு என்ற பிரிவே இல்லை. மே மாதத்தில் திருச்சியிலோ மதுரையிலோ இந்தச் சீவலைப் பார்த்தால் வெறும் மொட்டைக் குமிழ்தான். உதகையில் டிசம்பர் காலை, ஆய்வகம் 12 டிகிரியில் இருக்கும்போது, அதே குமிழுக்குள் திரவத்தின் நடுவே சிறு வாயுக்குமிழ் நடுங்கிக்கொண்டிருக்கும்.

செய்முறை: 40 மடங்கு ஆப்ஜெக்டிவ். விளக்கு எல்.இ.டி.யாக இருக்க வேண்டும். ஹாலஜன் விளக்கு சீவலைச் சூடாக்கி, நீங்கள் பார்ப்பதற்குள் வாயுக்குமிழை அழித்துவிடும். நடுங்கும் குமிழைக் கண்டதும், முடி உலர்த்தும் டிரையரை ஒரு அடி தள்ளிப் பிடித்து மிதமான காற்று விடவும். குமிழ் சுருங்கி மறைந்தால் அடர்த்தியான திரவம், விரிந்து முழுவதையும் நிரப்பினால் அடர்த்தி குறைந்த வாயு. பிரிகோடு கன செ.மீ.க்கு 0.47 கிராம். எந்த வெப்பத்தில் மறைகிறது என்பதில்தான் அடர்த்தி இருக்கிறது: 20 டிகிரியில் மறைந்தால் 0.77, 10 டிகிரியில் மறைந்தால் 0.86. வெப்பமானி முனையைச் சீவலுக்குப் பக்கத்தில் களிமண் பசையில் நிறுத்தினால் இரண்டு மூன்று டிகிரி துல்லியம் கிடைக்கும், வகுப்புக்கு அது போதும். அடர்த்தியிலிருந்து குமிழ் அடைபட்ட அழுத்தத்தையும் அதிலிருந்து ஆழத்தையும் கணக்கிடலாம். ஆனால் அது குறைந்தபட்ச ஆழம்தான். மேலேறும்போது உள்ளழுத்தம் தாங்காமல் பல குமிழ்கள் வெடித்துக் கசிந்திருக்கும். சுற்றிலும் தூசிபோல நுண்குமிழ்கள் சிதறிய மணிகளை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

இங்கும் ‘எப்போது’ கேள்வி உண்டு. தனித்துக் கிடக்கும் குமிழ்கள் மணி வளர்ந்தபோதே அடைபட்டவையாக இருக்கலாம். ஆறிய விரிசலின் தளத்தில் வரிசைகட்டி, ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்குத் தாண்டிப் போகிறவை பிற்பாடு வந்தவை.

கூடுதலாக ஒரு யோசனை. எண் 10 கருங்கல்லிலிருந்தும் இப்படி ஒரு 100 மைக்ரான் சீவல் வெட்டிக்கொள்ளுங்கள். நீலகிரிச் சார்னோகைட்டின் குவார்ட்சிலும் கரியமில வாயுக் குமிழ்கள் நிறைய. அந்த வாயு மேன்டிலிலிருந்து ஏறிவந்து பாறையைக் காயவைத்தது என்பவர்கள் ஒரு கட்சி, உள்ளூர்ச் சரக்குதான் என்பவர்கள் மறு கட்சி. இரண்டு சீவலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு விற்பவர் நினைத்திருந்தால் ஐநூறு ரூபாயில் வழி செய்திருக்கலாம். செய்யவில்லை.

இனி கண்ணுக்குத் தெரியாத மாற்றம். உப்பில் போட்ட மாங்காயை மறுநாள் எடுத்தால் பார்வைக்கு அதே மாங்காய்தான், கடித்தால்தான் உப்பேறியது தெரியும். நாளாக ஆகத் தோல் சுருங்கி, நீர் விட்டு, உருவமே மாறும். நிலவியலாளர் டாசன் 1984-ல் பிரித்த இரண்டு மெட்டாசொமாடிச வகையும் அப்படித்தான்: புதிய கனிமம் முளைத்து வெளிப்படையாகத் தெரிவது ஒன்று, கனிமங்கள் அப்படியே இருக்க உள்ளே தனிமங்கள் மட்டும் ஏறியிருப்பது மற்றொன்று. அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே, 1974-ல், ஃப்ரேயும் கிரீனும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் கற்களில் முரண் ஒன்றைக் காட்டியிருந்தார்கள். கால்சியமும் அலுமினியமும் வடிந்துபோன, சக்கையான கற்களில்தான் இலேசான அருமண் தனிமங்கள் அதிகம். சக்கையில் சாறு எப்படி வந்தது? பின்னால் வந்த சிறிதளவு உருகல் ஊறியிருக்கிறது என்பதே விடை. 2013-ல் ஓ’ரெய்லியும் கிரிஃபினும் மூன்றாவது வகையையும் சொன்னார்கள். வந்தேறிக் கனிமமே சாதாரண கிளைனோபைராக்சீனாகவோ கார்னெட்டாகவோ இருந்து, பார்ப்பவரை ‘இது கெடாத லெர்சோலைட்’ என்று நம்பவைக்கும் வேடதாரி வகை. எண் 1 அப்படி ஒரு வேடதாரியா என்று கண்ணால் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

அதற்குத்தான் எண் அட்டவணை. நான்கு கற்களின் கிளைனோபைராக்சீன் பகுப்பாய்வு. ‘எப்போது’ கேள்வியோடு சேராத தனித் தவறு ஒன்று இங்கே, இதுதான் மோசமானது. டைட்டானியத்தை ஆக்சைடு எடைச் சதவீதமாகவும் யூரோப்பியத்தை (இதுவும் ஓர் அருமண் தனிமம்) பிபிஎம்மாகவும், அதாவது பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்றும், அச்சிட்டுவிட்டு, அடுத்த வரியில் ‘இரண்டையும் வகுக்கவும்’ என்கிறார்கள். ஆக்சைடு 0.10 சதவீதம், யூரோப்பியம் 0.9 பிபிஎம் என்றால் நேராக வகுப்பவருக்கு 0.11 வரும், அதற்குப் பொருளே இல்லை. ஆக்சைடு சதவீதத்தை 5,995-ஆல் பெருக்கினால் டைட்டானியம் பிபிஎம்: இங்கே சுமார் 600. வகுத்தால் 667. ஆதி மேன்டிலில் இந்த விகிதம் 7,700-க்கு மேல், ஆக இது அதலபாதாளம். 1999-ல் கோல்டோர்டி குழு சொன்ன எல்லைப்படி, இந்த விகிதம் 1,500-க்குக் கீழேயும், காண்ட்ரைட் விண்கல்லில் உள்ள அளவால் வகுத்துச் சமன்செய்த லாந்தனம்-இட்டர்பியம் விகிதம் 3–4-க்கு மேலேயும் இருந்தால் கார்பனடைட் கைவரிசை. சிலிக்கேட் உருகலானால் டைட்டானியம் இவ்வளவு பின்தங்காது.

சமன்செய்வதற்கு எந்தக் காண்ட்ரைட் மதிப்பு என்பதையும் அட்டவணை சொல்லவில்லை. சன்–மெக்டொனோ 1989 பட்டியலில் லாந்தனம் 0.237, இட்டர்பியம் 0.170. மெக்டொனோ–சன் 1995-ல் லாந்தனம் அதேதான், இட்டர்பியம் 0.161. லாந்தனம் 12, இட்டர்பியம் 1.2 பிபிஎம் உள்ள மணிக்கு முதல் கணக்கில் 7.2, இரண்டாவதில் 6.8. முடிவு மாறாது, ஆனால் இருவர் இருவேறு பட்டியலை எடுத்தால் வகுப்பில் வீண் வழக்கு. ஒன்றைத் தீர்மானித்துக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய குறை, பகுப்பாய்வுக்காக லேசர் அடித்த இடம் மணியின் நடுவா ஓரமா என்று எழுதாமல் விட்டது. லேசர் குழி வழக்கமாக 40–60 மைக்ரான். பஞ்சு ஓரத்தில் விழுந்திருந்தால் எண்கள் மேன்டிலைப் பற்றிப் பேசவில்லை, சுமந்துவந்த பசால்ட்டைப் பற்றிப் பேசுகின்றன. கடிதம் எழுதிக் கேட்டால் விற்பவர் குழிகளின் படத்தை அனுப்புகிறார். நான்கில் மூன்று நடுவில்தான் விழுந்திருக்கின்றன. ஐஃபல் கல்லின் எண்களை மட்டும் ஒதுக்கிவிடலாம்.

கற்கள் எப்படி வந்தன என்பதற்குச் சீட்டு இல்லாததும் உறுத்துகிறது. சான் கார்லோஸ் களம் அப்பாச்சி மக்களின் ஒதுக்கீட்டு நிலத்துக்குள் இருக்கிறது. அங்கே ஒலிவின் ரத்தினம் எடுக்கும் உரிமை அவர்களுக்கே. கல்லூரி வாங்கும் பொருளுக்கு வாங்கிய வழியை எழுதித் தரச் சொல்வது தப்பில்லை.

கட்டும் விதம் சமவெளிக்குச் சரி, மலைக்குப் போதாது. ஸ்லைடுகள் மரப்பள்ளத்தில் தளர்வாக நிற்கின்றன. கொண்டை ஊசி வளைவுகளில் ஆடி ஆடி ஓரம் உடையும். பள்ளங்களுக்கு இடையே மெல்லிய ஃபோம் பட்டை செருகி அனுப்பச் சொல்லுங்கள். வந்து சேர்ந்ததும் கைக்கற்களுக்கு அடியில் உள்ள ஃபோமை எடுத்துவிடுங்கள். தென்மேற்குப் பருவமழையில் அது நீரைக் குடித்துப் பூஞ்சை பிடிக்கும். பெட்டிக்குள் 200 கிராம் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், மாதம் ஒருமுறை 110–120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் காயவைத்து மறுபடி. எண் 5-ஐத் தனி டப்பாவில் மூடி வைக்கவும். அதில் ஒட்டியிருக்கும் கிம்பர்லைட் களிமண்ணாகி, ஈரம் பட்டால் உதிரும். கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் ஒருகாலத்தில் இந்தப் பாறையை வயல்போலப் பரப்பி வெயிலிலும் மழையிலும் உதிரவிட்டுத்தான் வைரம் பொறுக்கினார்கள். உங்கள் அலமாரியில் அந்த வேலை நடக்க வேண்டாம். கோந்து போட்டு ஒட்டிய காகித எண்கள் ஆகஸ்டுக்குள் உரிந்துவிடும். வாங்கிய அன்றே கல்லின் மூலையில் வெள்ளைப் பெயின்ட் புள்ளி, அதன்மேல் இந்தியன் இங்க்கில் எண், அதன்மேல் நிறமில்லா நெயில் பாலிஷ்.

முழுப் பெட்டிக்கும் பணம் இல்லாத கல்லூரிகள் எண் 1, 2, 5 கற்களும் ஸ்லைடு 4, 9-ம் தடித்த சீவலும் மட்டும் கேட்டால் தனியாகத் தருகிறார்கள், 11,000 ரூபாய். கருங்கல்லும் சேவத்தூர்க் கல்லும் நாமே எடுத்துக்கொள்ளலாம். பள்ளிகளுக்கு எண் 1-ம் ஒரு கை லென்ஸும் தராசும் போதும், ஸ்லைடுகள் வீண். முழுப் பெட்டியே வாங்குபவர்கள் ஸ்லைடு 7-ஐ முதல் வாரத்திலேயே ஆர்த்தோபைராக்சீன் நிறத்தைப் பார்த்துச் சோதியுங்கள். முப்பது நாளுக்குள் திருப்பினால் மாற்றித் தருகிறார்கள். மாற்று ஸ்லைடை மேல்கண்ணாடி ஒட்டாமல் அனுப்பும்படி எழுதிக் கேளுங்கள்.